வாளையார் முதல் போடிமெட்டு வரை: முதுகின் கணக்கு

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை வாளையார் என்றால் லாரிகளின் வரிசை என்றுதான் பொருள். கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை திடீரென்று வாயைத் திறந்து வழிவிடும் அந்த இடத்தில், வணிகவரிச் சாவடியின் முத்திரைக்காக அவை மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். இன்று அந்த வரிசை இல்லை. அரிசி, சிமென்ட், கோழித்தீவனம், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி, வடக்கிலிருந்து வரும் டைல்ஸ் எல்லாம் இரவோடு இரவாகக் கணவாயைக் கடந்துவிடுகின்றன. வரிமுறை மாறியது, சாலை நான்கு வழியானது, லாரிகள் பெரிதாயின. பயணத்தின் கடைசி ஐம்பது அடி மட்டும் மாறவில்லை. லாரியின் பின்பலகையிலிருந்து கிடங்கின் உட்சுவர் வரை சரக்கு இன்னும் மனிதத் தலையிலும் முதுகிலும்தான் போகிறது.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். கேரள வரைபடத்தில் நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் குறுக்கிடுகின்றன. ஆனால் எல்லைப்புறத்து ஆட்களுக்கு வேறொரு வழி தெரியும். கொழிஞ்சாம்பாறையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு என்று மலையின் இரு பக்கமும் தையல் போட்டதுபோல் செல்லும் சாலை அது. சாலையின் இரு முனையிலும் தமிழ் கேட்கும். சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகளிலும் தேவிகுளத்துத் தேயிலைச் சரிவுகளிலும் பேசப்படுவது ஒரே தமிழ் அல்ல. ஆனால் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல்ல இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான்: பிடிப்பு.

பாலக்காட்டு மொத்தச் சந்தைக்கு விடியற்காலையில் உயிர் வந்துவிடுகிறது. தலையில் சும்மாடு, தோளில் துண்டு, இடுப்பில் கொக்கி. நீலச் சட்டை அணிந்தவர்கள் ஒரு சங்கம் என்றால் வேறு நிறம் அணிந்தவர்கள் வேறு சங்கம். கேரளத்தில் இவர்களுக்குச் சுமட்டுத் தொழிலாளி என்று பெயர். மலைக்குக் கிழக்கே இதே ஆள் லோடுமேன். லாரியின் மேல் இருவர் நின்று மூட்டையை விளிம்புக்கு இழுத்துத் தருகிறார்கள். கீழே நிற்பவர் முதுகைத் திருப்பி, முழங்காலைச் சற்றே மடக்கி, மூட்டை தலைக்கும் தோளுக்கும் இடையே வந்து அமர்ந்ததும் ஒரு குலுக்கலில் அதைச் சரிசெய்துகொண்டு நடக்கிறார். நடை என்பதைவிட ஓட்டம் என்பதே பொருத்தம். குறுகிய அடிகள், ஆடாத தலை, நேரான முதுகு. சுமையோடு நின்றால்தான் சிரமம், நகர்ந்தால் இல்லை என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

பார்ப்பவர்களுக்கு இந்த நடைதான் ஆபத்தாகத் தெரியும். உண்மையில் இதுதான் முதுகெலும்பு ஓரளவு தாங்கக்கூடிய பகுதி. சுமை உடலின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும்போது இடுப்புத் தண்டு ஒரு தூண்போல வேலை செய்கிறது. தலைச்சுமை பற்றி அறிஞர்கள் நெடுநாளாக வியந்திருக்கிறார்கள். கென்யாவில் தலையில் சுமக்கும் பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் சக்தி செலவில்லாமலே சுமக்கிறார்கள் என்று 1986-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. நேபாளத்துச் சுமைகூலிகள் ஏறக்குறையத் தங்கள் உடல் எடை அளவுக்கே சுமப்பதாக 2005-இல் 'சயன்ஸ்' இதழ் எழுதியது. ஆனால் இந்த வியப்பில் கழுத்து இடம்பெறவில்லை. தலையில் ஏறும் எடை முழுவதும் ஏழு சிறிய கழுத்தெலும்புகளின் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. கழுத்து எலும்பு தேய்வதும் கை மரத்துப்போவதும் இந்தத் தொழிலில் வயதுக்கு முந்தியே வரும் விருந்தாளிகள்.

உண்மையான அபாயம் நடையில் இல்லை. தரையில் கிடக்கும் மூட்டையைக் குனிந்து எடுக்கும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது.

ஊர்ச் சந்தைகளில் முன்பு இருந்த வெள்ளிக்கோலை நினைவில் கொண்டால் இது எளிதில் புரியும். கோலின் நீண்ட பக்கத்தில் நகரும் சிறு குண்டு, குட்டைப் பக்கத்துத் தட்டில் இருக்கும் பெரும் எடையைத் தூக்கி நிறுத்திவிடும். குனிந்து தூக்கும்போது உடல் இந்தக் கோலாகிறது. ஆனால் தலைகீழாக. முன்னே நீட்டிய கைகளில் மூட்டை, முதுகெலும்பிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் தள்ளி நீண்ட பக்கத்தில் இருக்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசையோ எலும்புக்குப் பின்னால் ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எட்டு மடங்கு வித்தியாசம். 50 கிலோ மூட்டைக்குத் தசை தர வேண்டிய விசை 400 கிலோவுக்குச் சமம். குனிந்திருக்கும் மேலுடம்பின் எடை இதில் சேரவில்லை. இந்த மொத்த அழுத்தமும் இடுப்பின் கடைசி இரண்டு தட்டுகளின் மீது இறங்குகிறது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், இந்தத் தட்டுகளின் மீதான அழுத்தம் சுமார் 350 கிலோ எடைக்குச் சமமான அளவைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது என்று 1981-லேயே வரம்பு போட்டது. மூட்டையை வயிற்றோடு ஒட்டி இழுத்துக்கொண்டால் தூரம் 25 சென்டிமீட்டராகக் குறையும். தசையின் வேலை 250 கிலோவாக இறங்கும். 'முறையாகத் தூக்குவது' என்று சொல்லப்படுவதன் சாரம் இந்தப் பதினைந்து சென்டிமீட்டர்தான்.

மற்றவை இதன் கிளைகள். கால்களை அகட்டி மூட்டையை நெருங்கி நிற்பது. இடுப்பிலும் முழங்காலிலும் மடங்குவது. முதுகின் இயல்பான வளைவை விட்டுவிடாமல் இருப்பது. தூக்கிய பிறகு இடுப்பைத் திருகாமல் பாதத்தை நகர்த்தித் திரும்புவது. குனிவதும் திருகுவதும் ஒரே நேரத்தில் சேரும்போதுதான் தட்டின் வெளி வளையம் கிழிகிறது. உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. 'டிஸ்க் விலகிவிட்டது' என்று ஊரில் சொல்கிறார்கள். விலகுவதில்லை, பிதுங்குகிறது.

விடியற்காலை என்பதும் கணக்கில் வர வேண்டும். இரவு படுத்திருக்கும்போது இந்தத் தட்டுகள் நீரை உறிஞ்சிச் சற்றே உப்பிக்கொள்கின்றன. எழுந்ததும் மனிதன் மாலையைவிடச் சிறிது உயரமாக இருப்பதற்கு இதுதான் காரணம். உப்பிய தட்டு வளைந்து கொடுக்காது. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிவது மற்ற நேரத்தைவிட ஆபத்து. நமது சந்தைகளோ அந்த நேரத்தைத்தான் சரக்கு இறக்கத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. இரவு முழுவதும் அதிரும் இருக்கையில் அமர்ந்து வந்த லாரி உதவியாளர், இறங்கிய கையோடு மூட்டைக்குக் கை கொடுப்பதும் இதே வகைதான்.

சட்டம் இந்த முதுகைப் பார்க்காமல் இருந்துவிடவில்லை. மகாராஷ்டிரம் 1969-இல் மாத்தாடித் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. கேரளம் 1978-இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாடு 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. கேரளச் சட்டத்தின் கீழ் 1983-இல் வந்த திட்டம்தான் இன்றைய நலவாரிய ஏற்பாட்டின் அடிப்படை: பதிவு அட்டை, பகுதிவாரியாகக் கூலி விகிதம், வணிகர் வாரியத்தில் கட்டும் தொகை, அதிலிருந்து தொழிலாளிக்குச் சம்பளம், மருத்துவ உதவி, ஓய்வூதியம். இந்தியாவில் மூட்டை தூக்குபவருக்கு இவ்வளவு கிடைக்கும் இடங்கள் குறைவு. இதன் மறுபக்கமாக வந்து ஒட்டிக்கொண்டதுதான் 'நோக்குகூலி', அதாவது இயந்திரமோ வேறு ஆளோ சரக்கை இறக்க, பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி. 2018 மே 1 முதல் அரசு அதைத் தடை செய்தது. நோக்குகூலி பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அந்த ஆட்களின் இடுப்பைப் பற்றி எழுதியவை மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எடை விஷயத்தில் கேரளம் நெடுங்காலம் தாராளமாகவே இருந்தது. ஒரு ஆள் சுமக்கக்கூடிய உச்ச எடை 75 கிலோ. 2021-இல்தான் சட்டத் திருத்தம் வந்து அது 55 கிலோவாகக் குறைந்தது. பெண்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் 35 கிலோ. 55 என்ற எண் புதிதல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஆண் தொழிலாளிக்கு அதைப் பரிந்துரைத்திருந்தது. ஜெனீவாவிலிருந்து பாலக்காட்டுக்கு வந்து சேர அந்த எண்ணுக்கு 54 ஆண்டுகள் ஆயின.

55-ம் அறிவியல் தந்த எண் அல்ல, பேரம் தந்த எண். நயோஷ் 1991-இல் திருத்திய சூத்திரத்தின்படி, எல்லாம் சாதகமாக இருக்கும்போது, அதாவது சுமை உடலோடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், திருகல் இல்லாமல், எப்போதாவது ஒருமுறை தூக்குவதானால், பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோ. தரையிலிருந்தோ அடிக்கடியோ தூக்கினால் அதுவும் குறையும். நமது சிமென்ட் மூட்டை 50 கிலோ. அரிசியும் உரமும் அப்படியே. ஒரு தலைமுறைக்கு முன்பு கிடங்குகளில் ஏறக்குறைய நூறு கிலோ சாக்குகளே வழக்கில் இருந்தன என்பதால் 50 என்பது சலுகையாகவே தோன்றுகிறது.

மூட்டையின் எடையை முதுகு தீர்மானிப்பதில்லை என்பதற்கு 2022-இல் ஒரு வேடிக்கையான சாட்சி கிடைத்தது. அந்த ஜூலையில், 25 கிலோ வரையிலான பொட்டலமிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே அரிசி ஆலைகள் 26 கிலோ பைகளை வெளியிட்டன. வரிக்காக ஒரே வாரத்தில் பையின் அளவை மாற்ற முடிகிறது. முதுகுக்காக மாற்ற ஐம்பது ஆண்டு போதவில்லை.

பாலக்காட்டிலிருந்து கிழக்கே போகும் பழைய சாலைகளில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு செங்குத்துக் கற்கள், அவற்றின் மேல் ஒரு குறுக்குக் கல், ஆள் உயரம். மலையாளத்தில் சுமடுதாங்கி, அத்தாணி என்றும் சொல்வார்கள். எர்ணாகுளத்திலும் திருச்சூரிலும் அத்தாணி என்றே ஊர்கள் உண்டு. தமிழ்நாட்டில் கருவோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்க முடியாத சுமைக்கு ஈடாக, இதை நட்டார்கள். பேருந்தும் லாரியும் வந்த பிறகு இவை வெறும் கற்களாகிவிட்டன. ஆனால் இவற்றைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்த ஒன்றை இன்றைய கிடங்கு கட்டுபவர்கள் மறந்துவிட்டார்கள். தலைச்சுமையைத் தரையில் வைத்தால் மறுபடி தரையிலிருந்துதான் எடுக்க வேண்டும். தலை உயரத்திலேயே ஓய்வு கொடுத்தால் குனியவே வேண்டியதில்லை. யாரும் கை கொடுக்கவும் தேவையில்லை. இதையே இன்று பணிச்சூழலியல் என்ற பெயரில் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொருளை முழங்காலுக்குக் கீழே வைக்காதே என்பது அதன் முதல் விதிகளில் ஒன்று. லாரியின் தளத்துக்குச் சம உயரத்தில் ஒரு திண்ணை கட்டினால் போதும். எல்லைச் சந்தைகளில் எத்தனை கிடங்குக்கு அது இருக்கிறது?

மேலே சொன்ன தூக்கும் முறையும் தமிழர்களுக்கு அந்நியமல்ல. தென் மாவட்டக் கிராமங்களில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தூக்கும் விதத்தைப் பார்த்தால் தெரியும். வழுவழுப்பான உருண்டைக் கல், பிடி கிடையாது. குந்தி அமர்ந்து, கல்லைக் கட்டியணைத்து, முதலில் தொடைக்கு ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்கு ஏற்றி, பிறகுதான் தோளுக்கு. ஒரே மூச்சில் குனிந்து இழுப்பவனுக்கு அது அசையாது. நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் இந்தப் போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். கல் தானே ஆசானாக இருந்து சரியான முறையைக் கட்டாயப்படுத்துகிறது. சாக்கு மூட்டைக்கு அந்த ஒழுக்கம் இல்லை. அதன் காதைப் பிடித்து எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம்.

உடுமலையைக் கடந்து சின்னாறு வனத்துக்குள் சாலை ஏறும்போது நிலம் மாறுகிறது, சுமையும் மாறுகிறது. மழைமறைவில் இருக்கும் மறையூரில் கரும்பு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் இங்கேதான் உருண்டையாகப் பிடிக்கப்படுகிறது. வெட்டிய கரும்பு கட்டுக்கட்டாகத் தலையேறி ஆலைக் கொட்டகைக்கு வருகிறது. பாறைகளின் மேல் நிற்கும் பெருங்கற்கால முனியறைகளைப் பார்க்க வரும் பயணிகள், அந்தப் பெரிய மூடுகற்களை மனிதர்கள் எப்படி ஏற்றினார்கள் என்று கேட்பார்கள். பக்கத்து வயலில் கட்டைச் சுமந்து போகிறவரைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை.

மூணாறில் சுமைக்கு வேறு முகம், பெண்ணின் முகம். தேயிலைக் கொழுந்து எடுப்பவர் பறிக்கப் பறிக்க அவருடைய முதுகின் எடை கூடிக்கொண்டே போகிறது. சரிவு வேறு. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, இடுப்பு ஒருபக்கமாகச் சாய்ந்தபடி நாள் முழுவதும். இப்போது கையால் கிள்ளுவது குறைந்து, பை கட்டிய கத்தரியால் வெட்டுவது பெருகியிருக்கிறது. எடை முதுகிலிருந்து கைக்கு முன்னே வந்துவிட்டது என்றால் வெள்ளிக்கோல் கணக்கின்படி நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். எடை போடும் இடத்துக்கு மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர் வேலைதான்.

2015 செப்டம்பரில் இந்தப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மூணாறு சாலையில் அமர்ந்தார்கள். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டதுதான் உடனடிக் காரணம். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு, தங்கள் சங்கத் தலைவர்களையே பக்கத்தில் வரவிடாமல் நடத்திய போராட்டம் அது. அப்போது நாள் கூலி 232 ரூபாய். அதற்குப் பறிக்க வேண்டிய குறைந்தபட்சக் கொழுந்து 21 கிலோ. கொழுந்து மூட்டை யார் தலையில், பணமூட்டை யார் கையில் என்ற பொருளில் அவர்கள் எழுப்பிய முழக்கம் கேரளம் முழுவதும் பரவியது. போனஸ் திரும்பி வந்தது. அந்த ஆண்டே கூலி 301 ரூபாயாயிற்று. அந்த நாட்களில் அவர்கள் செய்தியாளர்களிடம் சொன்ன குறைகளில் முதுகுவலி, மூட்டுவலி, கருப்பைக் கோளாறு எல்லாம் இருந்தன. கூலிக்கும் போனஸுக்கும் பேச்சுவார்த்தை மேசை இருந்தது. இடுப்புக்கு அப்படி ஒரு மேசை இதுவரை போடப்படவில்லை.

மூணாறுக்கு வடக்கே, கோவை மாவட்ட எல்லையை ஒட்டிய காட்டுக்குள் இடமலைக்குடி. 2010-இல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. முதுவர்களின் குடிகள் மலை மலையாகச் சிதறிக் கிடக்கின்றன. பெட்டிமுடிக்கு அப்பால் சாலை வராத நெடுங்காலம் ரேஷன் அரிசி இங்கே தலைச்சுமையாகத்தான் வந்து சேர்ந்தது. நோயாளிகளும் அப்படித்தான், எதிர்த்திசையில், கம்பில் கட்டிய துணியில் படுக்க வைத்துத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து. முதுவர் என்ற பெயரே முதுகில் சுமந்து வந்தவர்கள் என்பதால் வந்தது என்று அவர்களிடையே ஒரு கதை உண்டு. மதுரையிலிருந்து தெய்வத்தையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதாக அந்தக் கதை சொல்லும். குடிகள் பல இன்றும் நடந்தே போக வேண்டியவை. தட்டு பிதுங்கிய ஒருவருக்கு அங்கே எம்.ஆர்.ஐ. எடுக்க எவ்வளவு நடக்க வேண்டும் என்று யோசிக்கலாம். அவர் நடக்க முடியாதவர் என்பதுதான் சிக்கல்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. எல்லோருக்கும் முறையாகத் தூக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிரச்சினை தீருமா? தீராது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. பல நாடுகளில் நடந்த பயிற்சிகளை ஒன்றாகத் தொகுத்து 2008-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஆய்வு, தூக்கும் முறை பற்றிய பயிற்சி மட்டும் முதுகுவலியைத் தடுத்ததற்குச் சான்று இல்லை என்றது. இடுப்புப் பட்டைக்கும் அதே கதி. அமெரிக்கக் கடை ஊழியர்கள் பல்லாயிரம் பேரிடம் நடத்தி 2000-இல் வெளியான ஆய்வில் பட்டை அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முறை தவறு என்பதல்ல காரணம். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், முந்நூறாவது மூட்டையில், மழையில், வழுக்கும் பலகையின் மேல், முழங்காலை மடக்கி வயிற்றோடு அணைத்து எடுக்க மாட்டார். தசை களைத்ததும் உடல் முறையை மறக்கிறது. எடை குறைந்தால்தான், உயரம் சரியானால்தான், ஆட்கள் இருவரானால்தான் முறை நிலைக்கும். பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டு எடையை அப்படியே வைத்திருப்பது, வலி வந்த பிறகு 'நீ சரியாகத் தூக்கவில்லை' என்று ஆளின் மேலேயே பழி போட வசதியாகிவிடும்.

மணிப்பூரின் மீராபாய் சானுவை எடுத்துக்கொள்ளலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றவர். முறையில் அவரைக் குறை சொல்ல யாருமில்லை. சுழலும் தண்டு, சமதளம், பயிற்சியாளர், மருத்துவர், தூக்கலுக்குத் தூக்கல் ஓய்வு எல்லாம் உண்டு. அவருக்கே 2018-இல் கீழ்முதுகில் காயம் பட்டது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கே போகாமல் ஓய்வெடுத்துத்தான் மீண்டார். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் மூட்டை தூக்கும் பீகார், ஒடிசா இளைஞருக்கு நலவாரிய அட்டை பெரும்பாலும் கிடையாது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலியும் கிடையாது. ஓய்வு என்ற மருந்து அவர் எட்டும் விலையில் இல்லை.

கிடைக்கும் மருந்து எண்ணெய்தான். பாலக்காடு வைத்தியத்துக்குப் பேர்போன மண். உளுந்து மாவால் இடுப்பில் வரப்பு கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான எண்ணெயை நிறுத்தும் கடிவஸ்தி, இலைக்கிழி, உழிச்சில் எல்லாம் இதமானவை என்பதை மறுப்பதற்கில்லை. திடீரென்று பிடிக்கும் இடுப்புவலியில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். நாள்கணக்கில் அசையாமல் படுத்திருக்கச் சொல்வதை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. முடிந்த அளவு நடமாடுவதே நல்லது. ஆனால் சில அறிகுறிகளுக்கு எண்ணெய் உதவாது. கால் வலுவிழப்பது, பாதம் தொங்கிப்போவது, தொடைகளின் உட்புறமும் மலவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தானே கழிவது. இவற்றில் எது வந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் கால் திரும்பக் கிடைக்காமல் போகலாம். தடவினால் சரியாகிவிடும் என்று காத்திருந்து இழந்தவர்கள் உண்டு.

பூப்பாறையைத் தாண்டினால் ஏலமலை. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காயோ அதன் அடியில், தரையோடு படரும் சரங்களில் காய்க்கும். பறிப்பவர் ஒவ்வொரு தூருக்கும் குனிய வேண்டும், அல்லது குந்தியபடி நகர வேண்டும். இங்கே எடை இல்லை, வளைவு மட்டும்தான். ஆனால் வெறும் வளைவே போதும் என்று ஸ்வீடனின் ஆல்ப் நாச்செம்சன் 1960-களில், முதுகுத் தட்டுக்குள் ஊசி செருகி அழுத்தத்தை அளந்தே காட்டினார். நிமிர்ந்து நிற்பதைவிட முன்னால் சாயும்போது தட்டின் அழுத்தம் வெகுவாக ஏறுகிறது. ஆகஸ்டில் தொடங்கும் காய் எடுப்பு அடுத்த ஆண்டின் தொடக்கம் வரை சுற்றுச்சுற்றாக நடக்கிறது. இடையில் உரமூட்டையும் மருந்து டாங்கும் சரிவில் ஏற வேண்டும். அது ஆண்கள் முதுகு.

காய் எடுக்க வரும் பெண்களில் பெரும்பகுதி தேனி மாவட்டத்தவர். போடி, தேவாரம், கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்புகளில் மலையேறி, மாலையில் இறங்கிவிடுகிறார்கள். எட்டுப் பேர் வண்டியில் அதன் இருமடங்கு ஆட்கள், கொண்டை ஊசி வளைவுகள், குலுக்கல். வேலை தொடங்கும் முன்பே முதுகு ஒருமுறை வேலை செய்துவிடுகிறது. கேரளத்துத் தோட்டத்தில் வேலை, தமிழ்நாட்டில் வீடு. வலி வந்தால் எந்த மாநிலத்தின் நலவாரியத்துக்குப் போவது என்பது அவர்களுக்கு விடை கிடைக்காத கேள்வி.

இந்த மலைப்பாதையே ஒரு காலத்தில் சுமைப்பாதைதான். மூணாறுத் தேயிலையைக் கிழக்கே இறக்க 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அதன் இடத்தில் குறுகிய ரயில் வந்தது. டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் மலையின் கீழே கோட்டக்குடிக்கு இறங்கின. அங்கிருந்து போடி. 1924-இன் பெருவெள்ளம் ரயிலைத் துடைத்துக்கொண்டு போனது. தண்டவாளம் போனாலும் டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மலையுச்சியில் நிற்கிறது. பெட்டியின் முதுகு நோகாதிருக்க அவ்வளவு செலவு செய்த அதே காலத்தில், அந்தத் தோட்டங்களுக்கு ஆட்கள் தங்கள் சட்டி பானைகளோடு நடந்துதான் ஏறினார்கள்.

போடியில் இன்று ஏலக்காய் ஏலம் கணினியில் நடக்கிறது. வியாபாரிகள் கையகலத் தட்டில் மாதிரிக் காயைப் பார்த்து, விரலால் உருட்டி, பொத்தானை அழுத்துகிறார்கள். சில நொடியில் ஒரு லாட் கைமாறிவிடுகிறது. 2023 ஜூனில் ரயிலும் திரும்பி வந்துவிட்டது. விற்ற மூட்டைகள் கிடங்கிலிருந்து லாரிக்குப் போக வேண்டும். அதற்கு வாசலில் நாலைந்து பேர், தலையில் சும்மாட்டை அழுத்தி வைத்துக்கொண்டு, காத்து நிற்கிறார்கள்.